நூறாவது தாங்கி

திருகோணமலையில், சீனக்குடாப் பக்கம், வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கின்றன. கொழும்பும் டில்லியும் அவற்றைப் பற்றி வருடக்கணக்காகப் பேசுகின்றன. பேப்பரில் படமும் வரும். நூறாவது தாங்கி 2022ஆம் ஆண்டு என் வளவின் கிழக்கு வேலியோரம் மூன்று மாதம் இருந்தது. அதன் படம் எந்தப் பேப்பரிலும் வரவில்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் அந்த மூன்று மாதமும் வேறு பேச்சே கிடையாது.

நீல நிறப் பிளாஸ்ரிக் பரல் அது. உள்ளே இருந்தது எண்ணெய் இல்லை, உரம். அதாவது, உரமாகியிருக்க வேண்டியது.

அந்த வருடத்தை உங்களுக்கு நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. 99 தாங்கி உள்ள ஊரில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு விடியப்புறம் நாலு மணிக்கு வரிசையில் நின்ற ஆள் நான். பெட்ரோல் இல்லை, கேஸ் இல்லை, பால்மா இல்லை. இருந்தது ஒன்றுதான்: ஜூன் மாதம் அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு. மூன்று மாதத்துக்கு, கிழமைக்கு ஒரு நாள் வீட்டில் நின்று தோட்டம் செய்யுங்கள் என்று அமைச்சரவையே முடிவெடுத்துச் சொன்னது. இருபத்தைந்து வருடம் கோப்பைத் தவிர வேறெதையும் தூக்கியிராத நான், அமைச்சரவை என்னைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மண் எப்படி என்று கேட்காதீர்கள். எங்கள் துறைமுகத்தைப் போல உலகத்தில் இல்லை என்று நெல்சன் பிரபுவே சொன்னாராம். துறைமுகத்தைப் புகழாத மாலுமி இல்லை. மண்ணைப் புகழ்ந்த ஒருவரையும் நான் இதுவரை கேள்விப்படவில்லை. ஒரு முழம் தோண்டினால் சிப்பி வரும். காலையில் ஊற்றுகிற தண்ணீர் மத்தியானத்துக்குள் கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இந்த மணலில் பத்துக் கத்தரி, பத்து வெண்டி, கொஞ்சம் பச்சை மிளகாய், ஒரு பந்தல் பயிற்றங்காய். எல்லாம் முளைத்தன. முளைத்து, நான் அலுவலகத்தில் இருக்கிறது மாதிரியே, வளராமலும் சாகாமலும் மஞ்சளாக நின்றன.

யூரியா ஒரு பிடி போட்டால் நிமிர்ந்துவிடும் என்று யாருக்கும் தெரியும். யூரியாவுக்கு எங்கே போக? பத்து வருடத்தில் இயற்கை உரத்துக்கு மாறுவோம் என்று 2019 தேர்தலில் சொல்லிவிட்டு, 2021 மே 6ஆம் திகதி ஒரே வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் என்று ஒரு திரவ உரம் விமானத்தில் வந்தது. சீனாவிலிருந்து 'ஹிப்போ ஸ்பிரிட்' கப்பல் 20,000 தொன் சேதன உரத்தோடு வந்து, ஏர்வினியா என்ற அழுகல் பக்டீரியா இருக்கிறதென்று இறக்க விடாமல், கடலிலேயே சுற்றிக்கொண்டு நின்றது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். எடுத்து என்ன, வாங்க டொலர் இல்லை. பத்து வருட வேலையை ஏழு மாதத்தில் குழப்பிவிட்டார்களே என்று நான் அப்போது திண்ணையில் இருந்து நிறையப் பேசினேன். என் மனைவி அதையெல்லாம் ஞாபகத்தில் வைத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒழுங்கை முகப்பில் ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனேன். முதலில் பஞ்சகவ்யம் பற்றிச் சொன்னார். தமிழ்நாட்டில் கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பியது: சாணம், கோமயம், பால், தயிர், நெய், வாழைப்பழம், இளநீர்... அந்தப் பட்டியலை 2022இல் எங்கள் வீட்டில் சத்தமாக வாசித்திருந்தால் பிள்ளைகள் கோப்பையோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

"அது வேண்டாம் சேர், மலிவா ஒண்டு சொல்லுங்கோ."

"அப்ப மீன் அமிலம் செய்யுங்கோ தம்பி. உங்களுக்கென்ன, கடற்கரையில இருக்கிறியள். மீன் கழிவு எவ்வளவோ அவ்வளவு சர்க்கரை. தண்ணி ஒரு சொட்டும் விடாதையுங்கோ. மூடியை இறுக்காதையுங்கோ, உள்ள வாயு சேரும். மூண்டு கிழமைக்குத் திறவாதையுங்கோ. பழ வாசம் வரும். பிறகு ஒரு லீற்றர் தண்ணிக்கு ரெண்டு தேக்கரண்டி, அவ்வளவுதான்."

பாருங்கள், எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். வீட்டில் அன்றைக்குச் சின்னப் பிள்ளை ஒன்றும் இருக்கவில்லை.

மீன் கழிவுக்குப் பஞ்சமில்லை. மீன்காரத் தம்பி சூரையின் குடலும் செவுளும் சூடையின் தலையுமாகப் பத்துக் கிலோ சும்மா தந்தான். "பூனை வளர்க்கப் போறியளோ அண்ணை?" என்று மட்டும் கேட்டான். சர்க்கரைதான் இடித்தது. பத்துக் கிலோ சர்க்கரை! குசினி அலுமாரியில் ஒன்றரைக் கிலோ இருந்தது. அதை நான் மெல்ல எடுக்கிற நேரம் பின்னால் குரல் கேட்டது.

"இஞ்சேருங்கோ, பிள்ளையள் உள்ளங்கையில சர்க்கரைத் துண்டை வைச்சுக் கடிச்சுக் கடிச்சுத் தேத்தண்ணி குடிக்குதுகள். நீங்கள் மீன் குடலுக்குச் சர்க்கரை தீத்தப் போறியளோ?"

ஒரு கிலோவுக்குப் பேரம் பேசி முடித்தேன். மீதி ஒன்பது கிலோவுக்கு நம்பிக்கையைப் போட்டேன். குறைவாகத் தெரிந்ததால் இரண்டு வாளி தண்ணீரும் விட்டேன்.

சர்க்கரைக்கு அதில் என்ன வேலை என்று பிறகுதான் விசாரித்து அறிந்தேன். சர்க்கரை சரிபாதி இருந்தால் மீனில் இருக்கிற ஈரத்தை அது உறிஞ்சி இழுத்துப் பாகாக்கும். அந்தப் பாகில் அழுகல் கிருமி பிழைக்காது, நொதிக்க வைக்கிற நல்ல கிருமிதான் பிழைக்கும். சர்க்கரை குறைந்து தண்ணீர் கூடினால் அதற்கு மீன் அமிலம் என்று பெயரில்லை. செத்த மீன் என்று பெயர்.

பரலை எங்கே வைப்பது என்பதிலும் எனக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு. வீட்டுக்கு மணக்கக் கூடாது என்று நான் கிழக்கு வேலியோரம் வைத்தேன். ஜூன் மாதம் எங்கள் ஊரில் கச்சான் வீசும் காலம். மேற்கிலிருந்து கடல் பக்கமாக, இரவு பகல் பாராமல், சூட்டோடு வீசும். ஆகவே எங்கள் வீட்டுக்கு ஒரு பொட்டு மணம் இல்லை. முழுவதும் கிழக்கு வீட்டு அக்காவுக்குப் போனது.

நான்காம் நாள் அக்கா கோழிக்கூட்டைக் கழுவினா. ஐந்தாம் நாள் கிணற்றை எட்டிப் பார்த்தா. ஆறாம் நாள் வேலிக்கு மேலால், "தம்பி, உங்கட பக்கம் எலி கிலி செத்துக் கிடக்குதோ?" என்றா. "இல்லையே அக்கா, எங்களுக்கு ஒண்டும் மணக்கேல்லையே" என்றேன். அது சத்தியமான உண்மை.

ஏழாம் நாளுக்குள் பூனைகள் வந்துவிட்டன. எண்ணினேன், பதினொன்று. பரலைச் சுற்றி வட்டமாக, சபை கூடியது போல உட்கார்ந்திருந்தன. வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போகிற சனம் எங்கள் ஒழுங்கையைக் கடக்கும்போது சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தது. ஒரு ஐயா மட்டும் நின்று, பூனைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, பூனைகளைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்று கிழமை திறக்கக் கூடாது என்றார் அல்லவா? ஒன்பதாம் நாள் திறந்தேன். மூடி இறுகி, நடுவில் வீங்கி, குழந்தையின் வயிறு போல இருந்தது. ஸ்குரூட்ரைவரால் நெம்பினேன். "புஸ்ஸ்" என்று ஒரு மூச்சு. அதன் பிறகு நான் பார்த்ததைச் சொல்கிறேன், சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அடுத்த பந்திக்குப் போய்விடுங்கள். மேலே சாம்பல் நிற நுரை, அதில் குமிழி குமிழியாக வெடிப்பு. நுரை தானாக நகர்ந்தது. குனிந்து பார்த்தேன். நகர்ந்தது நுரை இல்லை, புழு. அரிசி பொங்கி வருகிறது மாதிரி ஓரத்தால் ஏறி வந்தது. கூட ஒரு சூரைத் தலை மிதந்து வந்து, ஒற்றைக் கண்ணால், நீயும் ஒரு மனுசனா என்பது போலப் பார்த்தது. கப்பலில் வந்த 20,000 தொன்னைத் திருப்பி அனுப்பிய அதிகாரிகள் என் பரலைப் பார்த்திருந்தால் அந்தக் கப்பலிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள்.

இருந்தாலும் விடவில்லை. இருபத்தோராம் நாள் வடித்தேன். எதால் வடித்தேன் என்பதை இந்த வீட்டில் இப்போதும் பேசக்கூடாது. தேங்காய்ப்பால் வடி புதிதாக வாங்கினோம் என்பதோடு நிறுத்துகிறேன். லீற்றருக்கு இரண்டு தேக்கரண்டி என்றார். இவ்வளவு பாடுபட்டுவிட்டு இரண்டு தேக்கரண்டியா? அரைப் போத்தல் விட்டேன். கத்தரிக்கும் வெண்டிக்கும் பயிற்றைக்கும் தலையோடு வார்த்தேன், இலையெல்லாம் நனைய.

மூன்றாம் நாள் இலை ஓரங்கள் கருகிச் சுருண்டு, அப்பளம் போல நொறுங்கின. பயிற்றம் பந்தல் படுத்தேவிட்டது. தப்பிப் பிழைத்த கத்தரிகள் ஆறு. மிளகாய்ப் பக்கம் போகுமுன் வாளி முடிந்துவிட்டதால் அது தப்பியது.

மிச்சத் தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை. ஒரு கிலோ சர்க்கரை போட்டிருக்கிறேனே! சோடாப் போத்தல் நாலில் ஊற்றி, மணம் வெளியே வராமல் மூடியை இறுக்கி முறுக்கி, குசினி யன்னலில் வரிசையாக வைத்தேன். வாயு சேரும் என்று அவர் சொன்னது பரலுக்குத்தானே, போத்தலுக்கு இல்லையே.

இரவு இரண்டு மணிக்கு முதல் போத்தல் வெடித்தது.

எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் யாரும் என்ன என்று கேட்பதில்லை. முப்பது வருடப் பழக்கம், முதலில் நிலத்தில் படுத்துவிட்டுப் பிறகுதான் கேட்போம். நானும் படுத்தேன். முந்தின வருடக் கடைசியில் நாடு முழுக்க கேஸ் சிலிண்டர் வெடித்த கதைகள் ஞாபகம் வர, "கேஸ்! கேஸ்!" என்று கத்தினேன். இருட்டில் மனைவியின் குரல் அமைதியாக வந்தது: "வெடிக்கிறதுக்கு எங்கட வீட்டில கேஸ் எங்க கிடக்கு?"

அதற்குள் இரண்டாவதும் மூன்றாவதும். கிழக்கு வீட்டில் விளக்கு எரிந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டபோது அந்த வீட்டு ஆச்சிக்கு எட்டு வயது. "திருப்பி வந்திட்டானோ?" என்று ஆச்சி கேட்பது தெளிவாகக் கேட்டது. "இல்லையம்மா, படுங்கோ. பக்கத்து வீட்டுத் தம்பிதான்" என்றா அக்கா. ஜப்பான்காரனாக இருந்தால்கூட அவ்வளவு சலிப்போடு சொல்லியிருக்க மாட்டா.

விடிந்ததும் குசினிச் சுவரைத் தேய்த்துக் கழுவினேன். முகட்டில் ஒட்டியதை ஏணி வைத்துக் கழுவினேன். கழுவுகிற நேரம் மனைவி கீழே நின்று ஒரே ஒரு வசனம் சொன்னாள்: "பத்து வருசத்தில செய்ய வேண்டியதை ஒரு இரவில செய்தா இப்பிடித்தான் எண்டு திண்ணையில இருந்து ஆரோ சொன்ன மாதிரிக் கிடக்கு." ஏணியில் நிற்கிறவன் என்ன பதில் சொல்ல முடியும்?

இதற்கிடையில் அவளுடைய கறிவேப்பிலையும் மாதுளையும் கிணற்றடியில் ஓங்கி நின்றன. என்ன உரம் என்று கேட்டேன். மீன் கழுவின தண்ணீரும் அரிசி கழுவின தண்ணீரும், கலியாணம் முடித்து வந்த நாள் தொட்டு ஊற்றுகிறாளாம். எனக்குத் தெரியாதாம்.

பரலில் அடிவண்டல் இன்னும் அரை வாளி கிடந்தது. பழிக்குப் பழி போல, இந்த முறை ஒழுங்காக லீற்றருக்கு இரண்டு தேக்கரண்டி அளந்து அந்த ஆறு கத்தரிக்கும் கிழமைக்கொரு தரம் தெளித்தேன். நன்றாகத்தான் வந்தன. இலை ஒவ்வொன்றும் வட்டில் அளவு. பூ மட்டும் ஒன்றும் இல்லை. போதனாசிரியர் பார்த்துவிட்டு, "நைதரசன் கூடிப் போச்சு தம்பி, இலைதான் வரும்" என்றார். கீரைக் கத்தரி என்று ஒரு புது இனத்தைக் கண்டுபிடித்தவனாக நான் நின்றேன்.

ஆவணிக் கடைசியில் மான்கள் வந்தன. உங்களுக்குத் தெரியும், கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள். வெயில் காலத்தில் புல் கருகினால் கடைத்தெரு, பஸ் நிலையம் என்று உரிமைக்காரர் போலத் திரியும். ஒரு இரவில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து, கிழக்கு வீட்டு அக்காவின் பயிற்றை, வெண்டி, என் மிளகாய், போதனாசிரியரின் முழுத் தோட்டம், எல்லாவற்றையும் தண்டோடு மேய்ந்துவிட்டுப் போயின. காலையில் ஒழுங்கை முழுக்கச் சவரம் செய்தது மாதிரி இருந்தது.

என் ஆறு கத்தரியையும் ஒரு மான்கூடத் தொடவில்லை. கால் தடம் வேலி வரை வந்து, அதிலேயே திரும்பிப் போயிருந்தது.

பின்னேரம் அக்காவின் மகன் வேலியடியில் வந்து நின்றான். கையில் வெறும் சோடாப் போத்தல்.

"அங்கிள், அம்மா அந்த நாத்தத் தண்ணியில ஒரு போத்தல் கேட்டவ. மூடியை இறுக்க வேண்டாமாம்."

பரலில் ஒரு சொட்டும் இல்லை. உள்ளே திரும்பிப் பார்த்தேன். மனைவி சர்க்கரை டப்பாவை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள்.