காக்கைச் சோற்றின் இறுதிப் பயனாளி யார்? கொல்லைச் சுவரை முன்வைத்து ஓர் ஆய்வு

அமாவாசையன்று கொல்லைச் சுவரில் வைக்கும் சோறு காக்கைக்கு என்பது மரபு. அது காக்கைக்குத்தான் போய்ச் சேர்கிறதா என்று இதுவரை யாரும் தணிக்கை செய்ததில்லை. காக்கை வாய் வைக்காமல் வீட்டில் இலை போட மாட்டார்கள் என்பதால், இது பசி சார்ந்த பிரச்சினையும்கூட. சமையலறை ஜன்னல், ஒரு முக்காலி, ஆறிப்போன காபி ஆகிய கருவிகளின் துணையோடு இக்குறையைப் போக்க முற்படுகிறோம்.

முதலில் இலக்கியச் சான்று. விருந்து வரும் என்று கரைந்த காக்கைக்கு ஏழு கலம் நிறையச் சோறு வைத்தாலும் போதாது என்று குறுந்தொகையில் (பாடல் 210) பாடியவர் நச்செள்ளையார். அதனாலேயே அவருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயர் நிலைத்தது. அந்த ஏழு கலத்தையும் காக்கையே தின்று தீர்த்திருக்குமா? உரைகாரர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் வீட்டில் அணில் தொல்லை இல்லை போலும்.

எங்கள் கொல்லையில் உண்டு. "கா, கா" என்று அழைப்பு காக்கையின் பெயருக்கே போனாலும் முருங்கையிலிருந்து முதலில் இறங்குவது அணில்தான். விரட்டவும் முடியாது, இராமர் கைப்படப் போட்டுக் கொடுத்த சிபாரிசு முதுகில் மூன்று கோடாக இருக்கிறது. அடுத்து தவிட்டுக்குருவிகள். கலியாணத்துக்கு வேன் பிடித்து வருகிறவர்களைப் போல மொத்தமாக வந்து, மொத்தமாகக் கத்தி, இலையைப் புரட்டிவிட்டு மொத்தமாகப் போகும். பிறகு மைனா.

உரிய பயனாளியோ மின்கம்பியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும். புதுப் பொருள் எதுவானாலும் காக்கைக்குச் சந்தேகம். வாழை இலைக்குப் பதில் எவர்சில்வர் தட்டு வைத்த அன்று அது வரவேயில்லை. முன்னோருக்குக் கோபம் என்று பேச்சு பரிகாரம் வரை போனது; தட்டை எடுத்ததும் கோபம் தணிந்தது. வந்தால் முதலில் கொத்துவது வடையை. அதையும் தொட்டித் தண்ணீரில் நனைத்துத்தான் தின்னும். தயிர் ஒன்றுதான் குறை.

சாம்பல் கழுத்து வீட்டுக் காக்கையும் கன்னங்கரிய அண்டங்காக்கையும் சேர்ந்து வந்தால், இதில் அப்பாவழி எது, அம்மாவழி எது என்ற சர்ச்சை எழும். ஆய்வாளர் அதில் தலையிடவில்லை.

மெய்யான சிக்கல் குயில். காக்கை கூடு கட்டும் பருவம் பார்த்து அது அங்கே முட்டையிட்டுவிடுகிறது. காக்கையும் அடைகாத்து, ஊட்டி வளர்க்கிறது. ஆடி அமாவாசையன்று எங்கள் சுவரில் தாத்தாவுக்கென்று வைத்த பருப்புச் சோறு காக்கையின் தொண்டைக்குள் அடங்கி, வேப்ப மரக் கூட்டுக்குப் போய், குயில் குஞ்சின் வாயில் இறங்குகிறது என்று கொள்வோம். இது முன்னோர் கணக்கில் வரவாகுமா?

புளி கரைத்துக்கொண்டிருந்த பாட்டியிடம் வினா சமர்ப்பிக்கப்பட்டது.

"உங்க தாத்தாவுக்குப் பாட்டுன்னா உசுரு. குயிலுக்குப் போனா போகட்டும்டா."

துணைக் கேள்வி எழுப்புமுன், தேங்காய் துருவச் சொல்லி ஆய்வாளரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.