கழுகு தூங்குகிறது, சத்தம் போடாதே

போன ஞாயிற்றுக்கிழமை நெல்லியாம்பதி மலையேறும் ஜீப்பில், பட்டப்பகல் இரண்டு மணிக்கு, என் அத்திம்பேர் என்னைப் பார்த்து "உஷ்!" என்றார். நான் செய்த குற்றம், "அதோ பாருங்கோ, இருவாச்சி!" என்று கொஞ்சம் உரக்கச் சொன்னது.

"மெள்ளப் பேசுடா. ஜாக்கி ஒறங்கறாளாக்கும்" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜாக்கி யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் ராத்திரி போர்வைக்குள் அதைத்தான் பார்க்கிறீர்கள். கலிஃபோர்னியாவில் பிக் பேர் ஏரிப் பக்கம் ஒரு பைன் மரத்தின் உச்சியில் கூடு கட்டியிருக்கும் வெண்தலைக் கழுகு. அந்தக் கூட்டை ஒரு கேமரா ராப்பகலாக நேரலையில் காட்டுகிறது. அவள் புருஷன் பெயர் ஷாடோ. 2024-ல் மூன்று முட்டையும் பொரியாமல் போனது. 2025-ல் மூன்றும் பொரிந்து, மார்ச் பனிப்புயலில் ஒரு குஞ்சு போய், மிச்ச இரண்டுக்கும் சன்னி, கிஸ்மோ என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெயர் வைத்தது எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். சொந்தச் சித்தப்பாவின் பேரன் பெயர் என்ன என்று கேட்டால் விழிப்பீர்கள். அந்தக் குஞ்சு போன செய்தி வந்த அன்று அத்திம்பேர் ராத்திரி சாப்பிடவில்லை. பெரியப்பா போனபோது காரியம் நடத்த வந்தவரிடம் "பந்தி எப்போ?" என்று விசாரித்த மனுஷர் இவர்.

இங்கே பகல் இரண்டு என்றால் அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. ஆகவே போனில் தெரிந்தது கறுப்பு வெள்ளையில் ஓர் உருண்டை. முதுகுச் சிறகுக்குள் தலையைச் செருகிக்கொண்டு தூங்கும் கழுகு. அது அசையவில்லை. ஜீப்பில் இருந்தவர்களும் அசையவில்லை. "பாவம், பனியில நடுங்குமோ?" என்று அக்கா கவலைப்பட்டு, தன் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். போத்துண்டி அணை தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் சிக்னல் போயிற்று. உடனே கூச்சல். சிக்னல் திரும்பி வந்த ஒரு வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார்கள். அங்கே ஒரு காட்டத்தி மரம். அதில்தான் அந்த இருவாச்சி. மஞ்சள் அலகு, தலைமேல் கொம்புத் தொப்பி, கறுப்பு வெள்ளைச் சிறகு. ஒவ்வோர் அத்திப்பழமாகப் பறித்து அண்ணாந்து தொண்டைக்குள் போட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் சேட்டனுக்கே மனசு கேட்கவில்லை. "சாரே, வேழாம்பல்!" என்றார். கேரளத்தின் மாநிலப் பறவை, தலைக்கு மேலே. நிமிர்ந்தது நானும் அவரும்தான்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்தக் குச்சி சமாசாரத்தை மட்டும் முடித்துவிடுகிறேன்.

ஷாடோ ஒரு குச்சி கொண்டு வருவான். தன்னைவிட நீளமான குச்சி. கூட்டுக்குக் குறுக்கே போடுவான். ஜாக்கி அதை ஒரு பார்வை பார்ப்பாள். அலகால் தூக்கி அந்தப் பக்கம் வைப்பாள். அவள் திரும்பியதும் இவன் அதை இந்தப் பக்கம் நகர்த்துவான். அவள் மறுபடி இழுப்பாள். இவன் மறுமுனையைப் பிடிப்பான். குச்சி அவள் மண்டையில் இடிக்கும். கல்பாத்தியில் அத்திம்பேர் வாங்கிவந்த ஈசிசேர் கதை அப்படியே இதுதான். அவர் அதை ரேழியில் போட்டார். அக்கா "வரவா போறவா கால்ல இடிக்கும்" என்று கூடத்துக்குத் தள்ளினாள். அவர் ரேழிக்குக் கொண்டுவந்தார். அவள் கொல்லைப்புறத்தில் போட்டாள். மழையில் நனைகிறது என்று அவர் மாடிக்கு ஏற்றினார். ஏற்றும்போது படிக்கட்டில் மாட்டிக்கொண்டு, ஒரு வாரம் வீட்டில் யாரும் மாடிக்குப் போக முடியவில்லை. துணியைக் கழற்றித் துவைத்த அக்கா, திரும்ப மாட்டும்போது வேண்டுமென்றே தலைகீழாக மாட்டினாள் என்பது அத்திம்பேர் கட்சி. கட்டை உளுத்திருந்ததால்தான் அவர் விழுந்தார் என்பது அக்கா கட்சி. சேர் இப்போது பக்கத்து வீட்டில் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு அந்த மனுஷர், பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "பாரு, என்ன அக்கறையாக் குச்சியை அட்ஜஸ்ட் பண்றான்!" என்று ஷாடோவுக்குச் சர்டிபிகேட் கொடுக்கிறார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஜாக்கி பார்க்கும் அதே பார்வை பார்த்தாள்.

இந்தக் கழுகு இனம் வருஷா வருஷம் பழைய கூட்டிலேயே குச்சி சேர்த்துக்கொண்டு போகும். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் 1963-ல் அளந்த ஒரு கூடு ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலம், ஆறு மீட்டர் ஆழம். எடை இரண்டு டன்னுக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். இரண்டு டன் வாக்குவாதம்!

இருவாச்சி வீட்டில் இந்தத் தகராறே கிடையாது. பெண் மரப்பொந்துக்குள் போய், எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவு ஒரு கீறல் மட்டும் மிச்சம். உள்ளே இறக்கைச் சிறகுகளையும் உதிர்த்துவிட்டு, மாதக்கணக்கில் முட்டையும் குஞ்சுமாக அடைந்து கிடக்கும். ஆண் அத்திப்பழத்தைத் தொண்டையில் நிரப்பிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக எடுத்து, அந்தக் கீறல் வழியாக ஊட்டும். உள்ளே எட்டிப்பார்க்கக்கூட அதற்கு அனுமதி இல்லை. இதை ஜீப்பில் சொன்னபோது அக்கா முதல் தடவையாகப் போனைக் கீழே இறக்கினாள். "மாசக்கணக்கிலா? சமையலே கிடையாதா?" என்றாள்.

கீழே வாழச்சால் காட்டில் காடர் பழங்குடியினர் வனத்துறையோடு சேர்ந்து இருவாச்சிக் கூடுகளுக்குக் காவல் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் குஞ்சை எடுத்துச் சாப்பிட்டவர்களும் அவர்களில் உண்டு. இன்று மரத்தடியில் மணிக்கணக்காக உட்கார்ந்து, அடைத்த பொந்தைப் பார்க்கிறார்கள். போனில் அல்ல. கழுத்து வலிக்க வலிக்க.

நமக்குக் கழுத்து வளையாது. கல்பாத்தியில் அத்திம்பேர் வீட்டு எதிர்த் தென்னையில் ஒரு கிருஷ்ணப்பருந்து தினமும் வந்து உட்காருகிறது. ஜாக்கி போட்டிருக்கும் அதே மேக்கப்: வெள்ளைத் தலை, கீழே பழுப்பு. கும்பாபிஷேகத்தன்று மட்டும் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். இடுக்கிப் பக்கமும் இதே கதைதான். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியார் காட்டில் விட்டார்கள். அது மே மாதக் கடைசியில் மலை இறங்கிக் கம்பம் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. அந்த நாட்களில் குமுளியில் இருக்கும் எங்கள் சித்தப்பா, யானை இப்போது எங்கே நிற்கிறது என்று சென்னையில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மகன் டிவியைப் பார்த்துச் சொன்னான். ஜன்னலைத் திறந்து பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை.

அந்த முக்கியமான விஷயத்துக்கு இனி இடமில்லை. அதைவிட அவசரமான ஒன்று வந்திருக்கிறது. மலையிறங்கிய அன்றைக்கே அத்திம்பேருக்கு ஞானம் பிறந்து, நெல்லியாம்பதி இருவாச்சிப் பொந்துக்கும் ஒரு கேமரா வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறார். "நம்ம நாட்டுப் பட்சியையும் பாக்க வேண்டாமா?" என்று என்னையே மடக்குகிறார். மனு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. நாளை உங்களுக்கும் வரும். வாசலைத் தானே பூசி அடைத்துக்கொண்டு உள்ளே போன ஒரு பறவையைப் பற்றிய மனு இது. தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.