வனுவா காவலர்க்கு ஒரு வாழ்த்துமாலை

பாரதி கண்ணீர் வடித்துப் பாடிய பிஜித் தீவில், கண்ணீர் என்றால் என்னவென்றே அறியாத புண்ணியசீலர்களும் உண்டு. 'ராத்து' பட்டம் தரித்த குலத்தலைவர் பெருமக்களே அவர்கள். மண், மக்கள், மரபு மூன்றும் ஒன்றே என்னும் 'வனுவா' தத்துவத்தை அவர்கள் திருவாய் மலர்ந்தருளும் அழகே அழகு! மூன்றும் ஒன்றான பிறகு, மண்ணின் வருமானம் யார் மடியில் விழுந்தால் என்ன?

அன்னாரின் கணிதப் புலமை அதனினும் மேல். நிலம் குலம் முழுமைக்கும் பொது. 2011க்கு முன், கரும்பு விவசாயி கட்டிய குத்தகை நூறு டாலரில் நில வாரியம் 25 வரை எடுத்துக்கொண்டது. 25 போன மிச்சத்தில் 30 சதவீதம், அதாவது இருபத்திரண்டரை டாலர், மூன்று படித் தலைவர்களின் திருக்கரங்களுக்குச் சென்றது. எஞ்சியதைக் குலத்தார் அத்தனை பேரும் பங்கிட்டு மகிழ்ந்தனர். பணம் சேர்ந்தால் ஏழையின் மனம் கெடுமே என்று அஞ்சி, அந்தப் பாவச்சுமையைத் தாமே தாங்கிய தயாநிதிகள்!

அவர்தம் பேரவையின் தொன்மையை எந்த நாவால் புகழ்வது? 1870களில் ஆங்கிலேய ஆளுநர் கூட்டிவைத்த ஆதிகாலத்து மரபல்லவா அது!

வீரமோ சொல்லி முடியாது. 1987 மே 14 அன்று, பூர்வகுடியைக் காப்பதற்காகக் கர்னல் ரம்புகா ஓர் அரசைக் கவிழ்த்தார். கவிழ்ந்த பிரதமர் பவாந்திராவும் அதே பூர்வகுடிதான் என்ற அற்ப விவரத்தைப் பெருமனத்தோடு மன்னித்து, பேரவை கர்னலுக்கு ஆசி வழங்கியது.

1997 முதல் குத்தகைகள் முடிய முடிய, எத்தனையோ கரும்பு விவசாயிகள் மூட்டை கட்டினர். வயல்கள் பல புதர்க்காடாயின. வனம் வளர்த்த வள்ளல்கள்! குத்தகை நின்று கிராமத்தான் வயிறு காய்ந்ததும் மரபின்பாற்பட்ட நோன்பே.

இத்தகையோர்க்கும் இடுக்கண் நேர்ந்தது. குத்தகைப் பணம் எல்லோருக்கும் சமம் என்னும் அநாகரிகத்தை 2011இல் ராணுவ அரசு புகுத்தியது. மறு ஆண்டே பேரவையையும் கலைத்தது. தர்மம் தோற்குமா? 2023இல் பேரவை மீண்டும் அரியணை ஏறிற்று. அப்போது பிரதமர் யார்? அதே ரம்புகா பிரபு!

இன்றும் பாய் விரித்த சபையில் யங்கோனா பானத்தின் முதற்சிரட்டை தலைவருக்கே. கடைசிச் சிரட்டை கோடியில் அமர்ந்த குடியானவனுக்கு. சேறுபோன்ற அடிமண்டியெல்லாம் அவனுக்கே. மண் மக்களுக்குத்தான் என்று இதைவிட எப்படி மெய்ப்பிப்பது?