பங்காளி வீட்டுப் பயணம்: பழைய கார்களும் விமானக் காட்சிசாலையும் குறித்த ஓர் ஆய்வு

தஞ்சை வட்டாரத்துப் பழைய கார்ப் பிரியர்கள் தங்கள் பத்மினிகளையும் அம்பாசிடர்களையும் அணிவகுத்து ஓட்டிக்கொண்டு, 2001இல் பெங்களூரில் திறக்கப்பட்ட எச்.ஏ.எல். விமானக் காட்சிசாலைக்குச் சென்று திரும்பும் ஒருநாள் பயணத்தைப் பொழுதுபோக்கு என்று வகைப்படுத்துவது மேம்போக்கான பார்வையாகும். அது உறவுமுறை இயலுக்குள் வைத்து ஆராயப்பட வேண்டியது.

இதற்கான சான்று வலுவானது. மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு பின்னாளில் எச்.ஏ.எல். ஆன ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனியை 1940 டிசம்பரில் தொடங்கிய வால்சந்த் ஹீராசந்த்தான், 1944இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியையும் தொடங்கினார். அதில் பிறந்ததே ஃபியட் வழிவந்த பத்மினி. கம்பெனிகள் உடன்பிறப்புகள் எனில், ஒன்றின் விமானமும் மற்றொன்றின் காரும் பங்காளிகள் ஆகின்றன. ஆயினும் மூத்த பிள்ளையான விமானக் கம்பெனியின் நிர்வாகத்தை 1942இல் அரசு எடுத்துக்கொண்டதை, தத்துக் கொடுத்ததாகவே கொள்ள வேண்டும். தத்துப் போன வீட்டில் பிறந்த வீட்டார் உரிமை கோர முடியாது என்பதால்தான், பத்மினியில் வந்திறங்குபவரும் வாசலில் டிக்கெட் எடுக்க நேர்கிறது. பிர்லா குடும்பத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸில் பிறந்த அம்பாசிடரோ, இனிஷியல் ஒத்துப்போவதை வைத்துப் பந்தியில் உட்காரும் விருந்தாளியே.

வயதுக் கணக்கு இன்னும் சுவையானது. குர்ட் டாங்க் என்ற ஜெர்மானியர் வடிவமைத்து, இன்று காட்சிசாலையில் நிற்கும் எச்.ஏ.எல்.லின் மாருத் போர் விமானம் 1961இல் முதன்முதலாகப் பறந்து, எதிர்பார்த்த வலுவுள்ள எஞ்சின் கடைசிவரை கிடைக்காமலே 1990இல் ஓய்வு பெற்றது. 1950களின் இறுதியில் சாலைக்கு வந்த அம்பாசிடர், எஞ்சின் வலுவைப் பற்றிப் பெருமை பேச முடியாத அதே நிலையிலும், 2014 வரை தயாரிக்கப்பட்டது. ஆகவே மூத்தது தன் காலாலேயே போய், உட்கார்ந்துவிட்ட இளையதை நலம் விசாரித்து வருகிறது.

பயணத்துக்கு உரிய காலம், சம்பா அறுவடை முடிந்து, வெயில் ஏறுவதற்கு முந்திய மாசி மாதம். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் உயரமுள்ள தஞ்சையில் மேடு என்றால் ஆற்றங்கரையும் வரப்பும்தான்; அங்கே பழகிய கார், 900 மீட்டர் உயரமுள்ள பெங்களூருக்குப் போகும் வழியில், சேலத்துக்கு அப்பால் தொப்பூர்க் கணவாயில்தான் தன் ரேடியேட்டரின் உண்மை நிலையை உணர்கிறது. சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சினுக்குப் போய்ச் சேராத நிலையை மெக்கானிக்குகள் 'ஏர்லாக்' என்பர்; பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருப்பது அதற்குரிய மரபுவழிச் சிகிச்சை. ஒரு கார் நின்றால் எல்லாக் கார்களும் நின்றாக வேண்டும் என்பது சங்க விதி. திறந்த பானெட்டுக்குள் தலையை நீட்டுவோரின் எண்ணிக்கை, பழுதின் தீவிரத்துக்கு நேர்மாறாக இருக்கும் என்பது இயற்கை விதி. இத்தகைய நிறுத்தங்களோடு, போக மட்டும் சுமார் 400 கிலோமீட்டர் உள்ள வழியை ஒரே நாளில் சென்று மீள்வது குறித்து அறிஞர்கள் மௌனம் காப்பது நல்லது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். உலகப் போர்க் காலத்து ஓடுதளம் இருந்த இடத்தில் விமானப்படைத் தளமும், 2020 ஜனவரி 20 முதல் 222ஆம் அணியின் சுகோய்-30 விமானங்களும் தஞ்சையிலேயே இருக்க, விமானம் பார்க்கப் பெங்களூர் போவானேன் என்பதே அது. சுகோயும் ரஷ்ய வடிவமைப்பைக் கொண்டு எச்.ஏ.எல். நாசிக்கில் உருவாக்கியதுதான் ஆதலால், உள்ளூர்ச் சொந்தத்தை விட்டுவிட்டு வெளியூர்ச் சொந்தத்தைத் தேடிப் போவதாகக் குற்றம் சாட்டவும் இடமுண்டு. இதற்கு விடை எளிது. சுகோய் இரைச்சலால் தன் வரவை அறிவித்து, வயலில் நிற்பவர் அண்ணாந்து பார்ப்பதற்குள் கண்ணுக்கு எட்டாமல் போய்விடுகிறது. தளத்தின் சுற்றுச்சுவரை நோக்கிக் கேமராவைத் தூக்குவதோ வம்பை விலைக்கு வாங்குவதாகும். மாருத்தோ, எல்லோரும் முறைவைத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்து முடிக்கும்வரை அசையாது.