ஃபிரேம்வொர்க் சிகாமணி

மென்பொருள் நிறுவனம் என்றிருந்தால் அங்கே ஒரு சிகாமணி இருப்பார். ஓஎம்ஆரில் கண்ணாடிக் கட்டடத்துக்கு ஒருவர் குறையாமல் தேறுவார். லேப்டாப்பை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம். ரியாக்டின் அணுச் சின்னம், வியூவின் பச்சை முக்கோணம், ஆங்குலரின் பழைய சிவப்புக் கேடயம் என்று மூடி முழுக்க ஃபிரேம்வொர்க் ஸ்டிக்கர். அது எந்தக் கம்பெனி லேப்டாப் என்பது வாங்கியவருக்கே மறந்திருக்கும்.

அவரிடம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வலைப்பக்கம் செய்யச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். நாலு படம், வாடகை விவரம், போன் நம்பர். மாதத்தின் பெயரைத் தொட்டால் அந்த மாத முகூர்த்தத் தேதிகள் விரிய வேண்டும். வேலை அவ்வளவுதான்.

"விரியணும்னா ஸ்டேட் இருக்கு சார். ஸ்டேட் இருந்தா அதுக்கு மேனேஜ்மென்ட் வேணும். நாளைக்கே மண்டபத்துக்கு நூறு கிளை வந்துட்டா?" என்பார் சிகாமணி.

மண்டபத்துக்காரருக்கு இருப்பதே ஒரு மண்டபம். அதிலும் பாதி தனக்கு என்று தம்பி கேஸ் போட்டிருக்கிறார்.

"ஜேக்வெரில சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாமே தம்பி?" என்பார் பக்கத்து சீட்டு சீனியர். சிகாமணி அவரை இரக்கத்தோடு பார்ப்பார். 2006-இல் ஜான் ரெசிக் ஜேக்வெரியை வெளியிட்டபோது சிகாமணி பள்ளிக்கூடத்தில் இருந்தார். பிரவுசருக்குப் பிரவுசர் தனி நியாயம் பேசிய காலம் அது. ஒரே நிரலை எல்லாவற்றிலும் ஓடவைத்த புண்ணியம் ஜேக்வெரிக்கு உண்டு. சுருக்கினால் முப்பது கிலோபைட் அளவுதான் வரும். மண்டபப் படம் ஒன்றே அதைவிடக் கனம்.

சீனியர் அத்தோடு விடமாட்டார். "யோசிச்சுப் பாத்தா ஜேக்வெரியும் வேணாம். எச்டிஎம்எல்ல டீடெய்ல்ஸ் டேக் இருக்கு. தொட்டா அதுவே விரியும்."

"ஸ்கிரிப்டே இல்லாமயா?" சிகாமணி தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்.

ஆனாலும் அவர் மனம் மாறாது. வெந்நீர் கேட்டவருக்குக் கோட்டையடுப்பு வெட்டினால்தான் அவருக்கு வேலை செய்த திருப்தி. என்பிஎம் இன்ஸ்டால் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வருவதற்குள் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேரின் நிரல்கள் கம்ப்யூட்டரில் குடியேறியிருக்கும். 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற பதினோரு வரித் துணுக்கை எழுதியவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான புராஜெக்டுகள் உலகெங்கும் படுத்துவிட்டன. இதை ஞாபகப்படுத்தினால், "அதெல்லாம் ஃபிக்ஸ் பண்ணிட்டாங்க ப்ரோ" என்பார்.

சிகாமணியை முழு அசடு என்று ஒதுக்கவும் முடியாது. சினிமா டிக்கெட் எடுக்கும் திரையை எண்ணிப் பாருங்கள். ஒரு சீட்டைத் தொட்டால் அதன் நிறம், மொத்தத் தொகை, கூப்பன் தள்ளுபடி, மிச்ச இடம் எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். ஜேக்வெரியில் ஒவ்வொன்றையும் கையால் தேடிப்பிடித்து மாற்றினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். படித்து முடித்த பிறகும் 'புது மெசேஜ்' என்று காட்டிக்கொண்டே இருந்த எண்ணோடு ஃபேஸ்புக்காரர்களே மல்லுக்கட்டியதை 2014-இல் மேடையில் சொன்னார்கள். அவர்கள் 2013-இல் ரியாக்டைப் பொதுவில் விட்டதற்கு அர்த்தம் இருக்கிறது. அப்படிப்பட்ட திரைக்குச் சிகாமணி கிடைத்தால் மாலை போட்டு வரவேற்கலாம்.

ஒன்று மாறினால் கூடவே எத்தனை மாற வேண்டும்? கருவியைத் தேர்ந்தெடுக்க இந்தக் கேள்வி போதும். சிகாமணி கேட்பது வேறு: "இதுக்கு வெளிய ஓப்பனிங் எப்படி இருக்கு?" அவர் கட்டுவது மண்டபத்தின் பக்கத்தை அல்ல, தன் ரெஸ்யூமின் இரண்டாம் பக்கத்தை. ஆங்குலர் 2016-இல் அடியோடு மாறி, பழைய நிரல் புதியதில் ஓடாது என்றானபோது ஊரெல்லாம் புலம்பியது. சிகாமணி மட்டும், இன்னொரு வரி சேர்ந்தது என்று மகிழ்ந்தார்.

ஒருவழியாகப் பக்கம் வெளியானது. சிகாமணியும் நல்ல ஹைக்கோடு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அப்புறம் மண்டபத்துக்காரர் போன் செய்தார்: மேனேஜர் மாறிவிட்டார், நம்பரை மட்டும் மாற்ற வேண்டும். பத்து இலக்கம். சீனியர் வழியில் போயிருந்தால் ஃபைலைத் திறந்து மாற்றி மூடியிருப்பார்கள். இப்போது நோட் வெர்ஷன் ஒத்துவரவில்லை. பாதிப் பேக்கேஜ்கள் காலாவதி. பில்டு சிவப்பு சிவப்பாகக் கத்துகிறது. புதிதாகச் சேர்ந்த பையன் திரையைப் பார்த்துவிட்டு, "ரீரைட் பண்ணிரலாம் சார்" என்கிறான்.

பழைய மேனேஜருக்குத்தான் பொழுது நன்றாகப் போகிறது. வேலையை விட்ட பிறகும் நாள் தவறாமல் போன் வருகிறது. பக்கத்து ஊர் மண்டபத்தில் சேர்ந்துவிட்டதால், "இங்க தை முழுக்க புல்லுங்க, ஒரு நல்ல எடம் சொல்றேன்" என்று ஒவ்வொரு கல்யாணமாக அங்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார்.