ஊர் எப்போது நகரமாகிறது?

கேள்வி: நகரமயமாதல் என்பது நகரம் பெருப்பதுதானே? (வாசகர், திருச்செங்கோடு)

பதில்: இல்லை. மொத்த மக்கள்தொகையில் நகரவாசிகளின் பங்கு கூடினால்தான் நகரமயமாதல். கிராமமும் நகரமும் ஒரே வேகத்தில் பெருத்தால், வெறும் மக்கள்தொகைப் பெருக்கம்.

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சிதான். சென்சஸில் மட்டும் நகரம் என்று இருக்கிறதே? (வாசகி, பல்லடம்)

பதில்: மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று அரசு அறிவித்தவை ஒரு வகை. அறிவிக்காவிட்டாலும் 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், உழைக்கும் ஆண்களில் 75 சதவீதம் பேருக்கு விவசாயம் அல்லாத வேலை என மூன்றும் இருந்தால் சென்சஸ் அதை நகரமாக எண்ணும். இப்படிப்பட்ட ஊர்கள் இந்தியாவில் 2001இல் 1,362, 2011இல் 3,894. பத்தே ஆண்டில்! குப்பையும் சாக்கடையும் நகரத்து அளவுக்கு. அள்ளுவதற்கு ஊராட்சியின் ஆளும் வருமானமும்தான். அரசுகள் அவசரமாகக் கவனிக்கவேண்டிய இடம் இதுதான்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. ஏன் ஆண்களை மட்டும் எண்ண வேண்டும்? ஆண்கள் கம்பெனி பஸ் ஏறிப் போன பிறகு நடவும் களையெடுப்பும் பார்ப்பது யார்? அந்தப் பெண்களையும் எண்ணினால், பல ஊர்கள் இன்னும் கிராமமாகவே இருக்கும்.

கேள்வி: மாநகராட்சியோடு சேர்க்கிறோம் என்றால் கிராமத்தார் ஏன் மறியல் செய்கிறார்கள்? (வாசகர், மதுரை)

பதில்: அரசின் வேலை உறுதித் திட்டம் கிராமத்துக்குத்தான். சேர்ந்ததும் அது போகும், சொத்து வரி ஏறும், குழாய் மட்டும் மெதுவாக வரும். சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த பல பகுதிகள் பாதாளச் சாக்கடைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. மறியல் செய்கிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

கேள்வி: 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் 48 சதவீதம் பேர் நகரவாசிகள். பெருமையா, கவலையா? (வாசகி, ஆம்பூர்)

பதில்: பெருமைதான். இந்திய சராசரி 31. சென்னை ஒன்றையே நம்பாமல் திருப்பூர், சிவகாசி, கரூர், உங்கள் ஆம்பூர் என்று வேலை பரவியிருக்கிறது. காலையில் பஸ் ஏறி, ராத்திரி சொந்த வீட்டில் சாப்பிடலாம்.

கேள்வி: சென்னைக்கு வருகிறவர்களைத் தடுத்தால் என்ன? (வாசகர், வேளச்சேரி)

பதில்: உங்கள் வீட்டைக் கட்டியது யார்? ஆளைத் தடுக்காதீர்கள், சதுப்பு நிலத்தில் மண் கொட்டும் லாரியைத் தடுங்கள். தென்சென்னை மழைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும்.