தவணைக்கு விடுமுறை, வட்டிக்கு வேலை

கல்விக் கடன் விதியை எழுதியவர்களைப் போல மாணவர் மேல் இரக்கம் கொண்டவர்களைப் பார்க்க முடியுமா? படிக்கிற காலம் முழுக்கத் தவணை கட்ட வேண்டாம், படிப்பு முடிந்து ஓராண்டுக்கும் கட்ட வேண்டாம் என்கிறது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம். பிள்ளை நிம்மதியாகப் படிக்கட்டும் என்ற பெரிய மனசு! பிள்ளைக்கு ஓய்வு தந்தவர்கள் வட்டிக்கும் ஓய்வு தந்தால் அது சோம்பிப் போய்விடும் என்று நினைத்து, அதை மட்டும் முதல் நாளிலேயே வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த முன்யோசனையைக் கும்பிடத்தான் வேண்டும்.

காஞ்சிபுரம் மாவட்டத்துக் கூரத்திலிருந்து பொறியியல் படிக்கப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கடன் 4 லட்சம். ஆண்டுக்கு ஒரு லட்சமாகக் கல்லூரிக்குப் போகிறது. வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். தவணை விடுமுறைக் காலத்துக்குத் தனிவட்டிதான், வட்டிக்கு வட்டி இல்லை. இந்தக் கருணையைச் சொல்லாமல் விட்டால் பாவம். படிப்பு நான்கு ஆண்டு, அதற்குப் பின் ஓராண்டு என முதல் லட்சம் ஐந்து ஆண்டு ஓடி 50,000 ரூபாய், அடுத்தது 40,000, அதற்கடுத்தது 30,000, கடைசி லட்சம் 20,000. 'ஒன்றும் கட்ட வேண்டாம்மா' என்று சொன்ன காலத்தில் சேர்ந்தது 1,40,000 ரூபாய். அது அப்படியே அசலில் ஏறுகிறது. தவணை போடுவது 4 லட்சத்துக்கு அல்ல, 5,40,000க்கு. பத்தாண்டில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 7,100 ரூபாய். கையால் தொடாத 1,40,000க்கும் அன்றிலிருந்து அவள் வட்டி கட்டலாம். முதல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய சீர்வரிசை எந்தத் தாய்மாமன் செய்வான்?

நியாயத்திலும் குறை வைக்கவில்லை. படிக்கும்போதே வட்டியைக் கட்டிவிடும் வீட்டுக்கு ஒரு சதவீதம் வட்டிச் சலுகை தரலாம் என்றும் திட்டத்தில் இருக்கிறது. கட்ட முடிந்தவருக்குச் சலுகை, முடியாதவருக்கு முழு வட்டி. வசதி உள்ளவர் மனம் கோணக் கூடாது என்பதில் எவ்வளவு அக்கறை!

ஏழையை மறந்தார்கள் என்றும் சொல்லக் கூடாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தவணை விடுமுறைக் காலத்து வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் வட்டி மானியம் 2009-10 முதல் உண்டு. நல்ல திட்டம் என்று வாய்நிறையச் சொல்வேன். அதற்கு முன்பு கடன் வாங்கியவர்களை வட்டி நசுக்கியது அரசுக்கே தெரிந்துதான், 2014 இடைக்கால பட்ஜெட்டில் சுமார் 9 லட்சம் மாணவர்களின் வட்டிப் பாக்கிக்கு 2,600 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஆனால் நல்லது எளிதில் கிடைத்துவிட்டால் அதற்கு மதிப்பு இராதே! ஆகவே இந்த மானியத்துக்குப் படிப்பு தொழிற்கல்வியாக இருக்க வேண்டும், கல்லூரி தகுதிப் பட்டியலில் இருக்க வேண்டும், வருமானச் சான்று வேண்டும். இளநிலைக்கு வாங்கினால் முதுநிலைக்குக் கிடையாது. நடுவில் படிப்பை விட்டவருக்கும், உடம்புக்கு முடியாமல் விட்டால் ஒழிய, கிடையாது. வறுமையால் படிப்பை விட்ட பிள்ளைக்குத்தான் வட்டி தேவைப்படும் என்று எவ்வளவு சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்!

படித்தவருக்குச் சலுகை தருவது பழைய வழக்கம்தான். நம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் பெயர் எழுத, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். வேதமும் பாஷ்யமும் கற்றவனுக்கு அதில் பாதி, அரைக்கால் வேலியே போதும் என்கிறது அந்த விதி. அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை, அது வேறு. ஆனாலும் படித்தவன் என்பதற்காகச் சுமையைப் பாதியாகக் குறைத்தார்கள். அறியாத காலம்! இன்று நம் பெண் எம்.இ. சேர்ந்தால், கல்லூரியில் போனஃபைடு சான்று வாங்கிக் கொடுத்துத் தவணை விடுமுறையை நீட்டிக்கக் கேட்கலாம். நீட்டித்தால் இரண்டு ஆண்டில் இன்னும் 80,000 ரூபாய் வட்டி ஏறும். மேலே படிக்கப் படிக்கக் கடனும் மேலே போகும்படி செய்த இந்த ஞானம் பராந்தகன் சபைக்கு வாய்க்கவில்லை.

கடன் கொடுப்பவர்களே, அனுமதிக் கடிதத்தின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி தமிழில் அச்சடியுங்கள்: தவணை தொடங்கும் நாளில் உங்கள் கடன் இவ்வளவாக இருக்கும் என்று. மானியத்துக்குத் தகுதியான வீட்டைக் கேட்க வைக்காமல் நீங்களே சேருங்கள்.

கூரத்துப் பெற்றோரே, கையெழுத்துப் போடும் அன்றே வட்டி மானியம் உண்டா என்று கேளுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிய வருமானச் சான்றைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கடன் கணக்கைக் கேட்டு வாங்கி, மானியம் வரவு ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் அன்றே எழுத்தில் கேளுங்கள். பிள்ளை படித்து முடிக்கும்வரை பொறுத்திருக்காதீர்கள்.